மூன்றெழுத்தில் முடிந்துவிடும் நோயறிதல்

கடலூர், சிதம்பரம் பக்கம் பார்மசியோ உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், ‘மெடிக்கல் கோடிங்’ என்ற பதில் வருவது வழக்கமாகிவிட்டது. சென்னையிலோ திருச்சியிலோ கோவையிலோ ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து, அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பை வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் பதிய வேண்டும். கவனம் கோரும் கௌரவமான வேலை. அந்த வேலையின் செல்வாக்கோடு ஒரு வாதமும் வளர்ந்திருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளிலும் இதே துல்லியத்தோடு எண் போடத் தொடங்கிவிட்டால், மருந்துகளால் நேரும் கேடுகள் தாமாகவே கணக்கில் வந்துவிடும் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.யின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, மின்னணுப் பதிவேடும் வருகிறது, இனி எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு என்பது என் நீண்ட நாள் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க மனச்சிதைவு மருந்துகளால் வரும் அசைவுக் கோளாறுகளைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் குறியீட்டுக்குரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலில், மருந்தை நெடுநாள் எடுத்தபின் வாயும் நாக்கும் தாமாக அசையத் தொடங்கும் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கு ஜி 24.01 என்று தனி எண் உண்டு. மருந்து தொடங்கிய சில நாளில் கழுத்து முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்கு ஜி 24.02. உட்கார விடாமல் அலைக்கழிக்கும் அகதீசியாவுக்கு ஜி 25.71. இவற்றில் ஒன்றைப் போட்டால் போதாது. எந்த வகை மருந்தால் வந்தது என்பதற்கு டி 43 வரிசையில் இன்னொரு எண்ணையும் சேர்க்க வேண்டும். அந்த எண்ணின் ஆறாம் இடம், சரியான அளவில் சாப்பிட்டும் வந்த பாதிப்பா, தவறுதலாக அதிகம் விழுங்கியதா, குறைவாகச் சாப்பிட்டதா என்றுகூடப் பிரித்துச் சொல்லும். நம் பிள்ளைகள் இதைத் திறமையாகச் செய்கிறார்கள்.

இந்தியா பின்பற்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் இந்தப் பிரிவினை கிடையாது. மருந்தால் வந்த டிஸ்டோனியாவுக்கும் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கும் ஒரே எண்தான், ஜி 24.0. முன்னது பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் வந்து, ஒரு புரோமெத்தசின் ஊசியில் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பின்னது மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வந்து, மருந்தை நிறுத்தினாலும் போகாமல் தங்கிவிடக்கூடும். இரண்டும் ஒரே பெட்டியில். அகதீசியாவுக்குத் தனி எண்ணே இல்லை. எந்த மருந்து என்று காட்டும் ஒய் 49 வரிசை வேறொரு அத்தியாயத்தில் இருக்கிறது; அதைச் சேர்ப்பது எழுதுபவரின் விருப்பம். ஆகவே பட்டியலைச் செப்பனிட வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பட்டியலைச் செப்பனிட்டால் மட்டும் நோயாளிக்கு எதுவும் கிடைக்காது. கோடிங் பயில்பவர் கற்றுக்கொள்ளும் முதல் விதியே, மருத்துவர் எழுதாததைக் குறியீடாக்கக் கூடாது என்பது. மருந்துக்கும் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாக அவர் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி வெளிநோயாளி குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தால் அந்த நோய்க்கு எண் போடவே கூடாது. அப்படியானால் முழுப் பாரமும் மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரியின் மேல் இறங்குகிறது. நம் ஊரில் அந்த வரி எப்படி இருக்கிறது?

‘ஈ.பி.எஸ். பிளஸ். டி.எச்.பி. 2 மி.கி.’

தமிழ்நாட்டின் மனநல ஓ.பி.க்களில் புழங்கும் எவருக்கும் பழகிய வரி இது. மருந்தால் வரும் அசைவுக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடப்படும் மூன்றெழுத்து ஈ.பி.எஸ். டி.எச்.பி. என்பது டிரைஹெக்சிஃபெனிடில், பேசிடேன் என்ற பெயரில் வீடுகளில் தெரிந்த சின்ன மாத்திரை. இந்த மூன்றெழுத்துக்குள் குறைந்தது நான்கு நோய்கள் இருக்கின்றன. கழுத்தும் கண்ணும் இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியா, உடல் விறைத்துக் கை நடுங்கும் பார்க்கின்சன் நிலை, அகதீசியா, டார்டிவ் டிஸ்கைனீசியா. டி.எச்.பி. முதல் இரண்டுக்கும் உதவும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பயன் இல்லை. அங்கே மருந்தின் அளவைக் குறைப்பதும் புரோப்ரனலாலும்தான் வழி. நான்காவதை அது மோசமாக்கக்கூடும். நான்குக்கும் ஒரே பெயர், ஒரே மாத்திரை என்று எழுதும் கை, நான்காவது நோய் வந்தவருக்கு அவருடைய நோயை வளர்க்கும் மருந்தையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வரியை உலகத்தின் எந்தக் கோடராலும் பிரித்தெடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, கோளாறு எதுவும் வரும் முன்பே, முதல் நாளிலிருந்தே டி.எச்.பி.யைச் சேர்த்து எழுதிவிடுவது. இதை வழக்கமாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையங்களின் தலைவர்கள் 1990இலேயே கூட்டறிக்கை விட்டார்கள். ஊசி போட்ட இளைஞர் ஒருவருக்கு முதல் வாரம் மட்டும் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில், யாரும் திரும்பிப் பார்க்காமல், நோட்டுக்கு நோட்டு நகலெடுக்கப்பட்டுவரும் டி.எச்.பி.யைத்தான் சொல்கிறேன். வாய் வறட்சி, மலச்சிக்கல், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு, ஞாபக மறதி, இவ்வளவும் அதோடு வருகின்றன. அந்த மறதி மனச்சிதைவின் கணக்கில் எழுதப்படுகிறது.

எல்லாக் கேடுகளும் நோயின் கணக்குக்கே போய்ச் சேர்கின்றன என்பதுதான் என் அடிப்படைக் குற்றச்சாட்டு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அகதீசியா வந்தவர் என்ன சொல்வார்? ‘உட்காரவே முடியல சார், உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கு.’ காலை மாற்றி மாற்றி வைப்பார், வாசலுக்கும் திண்ணைக்கும் நடப்பார், இரவெல்லாம் நடப்பார். வீட்டார் வந்து ‘மறுபடி ஆரம்பிச்சிடுச்சு’ என்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று மருந்தின் அளவு கூட்டப்படும். கூட்டக் கூட்ட அலைச்சலும் கூடும். நான்கில் மனிதரை மிகவும் வதைப்பது இதுதான். இதனால் வாழ்வை வெறுத்தவர்களைப் பற்றி மருத்துவ இலக்கியம் நெடுங்காலமாக எச்சரித்துவருகிறது. கோப்பில் இருப்பதோ எஃப் 20, மனச்சிதைவு, தீவிரமடைந்தது. குறியீடு போட்டவர் தவறு செய்யவில்லை. எழுதியிருந்ததைச் சரியாகப் பதிந்திருக்கிறார். தவறான ஒரு முடிவு, எண்ணின் கம்பீரத்தோடு பதிவேட்டில் உட்கார்ந்துவிட்டது.

பார்க்கின்சன் நிலை வந்தவர் முகத்தில் சலனம் இல்லாமல், பேச்சு குறைந்து, கை வீசாமல் நடப்பார். இது மனச்சிதைவில் வரும் சோர்வு, அக்கறையின்மை போலவே தெரியும். அவரே அறுபது வயதைத் தாண்டியவராக இருந்து வேறொரு மருத்துவரிடம் போனால், வயோதிகத்தில் வரும் பார்க்கின்சன் நோய் என்று எழுதப்பட்டு, காரணமான மருந்தும் தொடர, அதற்கு எதிரான மருந்தும் சேர்ந்துகொள்ளும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் நோய் இடம்பெற்றிருக்கிறது. மருந்தால் வந்த விறைப்புக்கும் வாயசைவுக்கும் அங்கே பெயர் இல்லை. பெயர் எழுதப்படாத பாதிப்புக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

டார்டிவ் டிஸ்கைனீசியாவோ நம் ஊரில் நோயாகவே படுவதில்லை. வாய் எந்நேரமும் எதையோ மெல்லும், நாக்கு துருத்தும், உதடு சப்புக்கொட்டும். வெற்றிலை போட்ட பழக்கம் என்பார்கள், பல் போனதால் என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். அந்த அசைவு பல நேரம் நோயாளிக்கே தெரியாது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இலையை நகர்த்திக்கொள்ளும்போதுதான் தெரியும். குடும்பம் அவரைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போவதை நிறுத்திவிடும். இது யாருடைய குறிப்பிலும் ஏறாது.

இந்த நோயைக் கண்டறிய காலக்கணக்கு கட்டாயம் வேண்டும். 1982இல் ஷூலரும் கேனும் வகுத்த அளவுகோலின்படி, மொத்தம் மூன்று மாதமாவது மருந்து எடுத்திருக்க வேண்டும். உடலின் இரண்டு பகுதிகளில் லேசான அசைவோ ஒரு பகுதியில் நடுத்தர அசைவோ இருக்க வேண்டும். மருந்தைக் குறைத்தால் அசைவு முதலில் கூடித் தெரியும். அளவைக் கூட்டினால் தற்காலிகமாக மறைந்துவிடும். அதனால் இன்றைய வாயசைவை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. எந்த மருந்து, எப்போது தொடங்கியது, எப்போது மாறியது, ஊசி எத்தனை மாதம் போட்டது என்ற வரலாறு வேண்டும். கடலூர் மாவட்டத்து நோயாளியின் வழித்தடத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சக்குப்பத்தின் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தின் காமராஜர் மருத்துவமனை, 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் அண்ணாமலை நகர் மருத்துவமனை, பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர், நடுவில் தனியார் கிளினிக்குகள். காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ வரும் குடும்பம் பத்து ஆண்டுக்குள் இவற்றில் மூன்று இடத்துக்காவது போயிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் புதுச் சீட்டு, புது நோட்டு. பழையது மழையில் நனைந்ததோ, வீடு மாறியபோது தொலைந்ததோ. இந்த மருத்துவமனைகள் எதையும் நான் குற்றம் சொல்லவில்லை. மருந்தின் தேதி நோயாளியோடு பயணிக்கும்படி எங்கேயும் ஏற்பாடு இல்லை என்கிறேன். தேதி இல்லாத இடத்தில் டார்டிவ் என்ற சொல்லை நேர்மையான மருத்துவர் எழுதத் தயங்குவார். தயங்கினால் எண் இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். புதிய தலைமுறை மருந்துகள் வந்தபின் இது பழங்கதை என்பது அவற்றில் பிரபலமானது. ஹாலோபெரிடால் காலத்தோடு ஒப்பிட்டால் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் காலத்தில் பாதிப்பு குறைவுதான்; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2005இல் வெளிவந்த அமெரிக்காவின் கேட்டி ஆய்வு, பழைய மருந்தான பெர்ஃபனசினையும் புதிய மருந்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இந்த அசைவுக் கோளாறுகளில் எதிர்பார்த்த பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2017இல் கார்பன், கோரெல் முதலியோர் 41 ஆய்வுகளைத் தொகுத்தபோது, டார்டிவ் டிஸ்கைனீசியா பழைய மருந்துகளில் இருப்போரிடம் 30 சதவீதம், புதிய மருந்துகளில் இருப்போரிடம் 20.7 சதவீதம் என்று வந்தது. பழைய மருந்தைத் தொடாமல் புதியதை மட்டுமே எடுத்தவர்களிடம் 7.2 சதவீதம். குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. நம் நோயாளிகளில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பலர் குளோர்ப்ரோமசினிலும் மாத ஊசியிலும் தொடங்கியவர்கள். அவர்களை ‘புதிய தலைமுறை’ என்று கணக்கிட முடியாது. பொதுவாக இந்த வாதம் பார்க்காமல் இருப்பதற்கான வசதியாகப் பயன்படுகிறது.

எடை மிகுந்த எதிர்வாதம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃபின் மருத்துவர்கள், ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து, வாழ்நாளில் மருந்தே எடுக்காத மனச்சிதைவு நோயாளிகளை இங்கே தேடிப் பரிசோதித்தார்கள். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. 1996இல் வெளியான முடிவு பலரை உலுக்கியது. மருந்தே தொடாத 21 பேரில் 38 சதவீதத்தினரிடம் தானாக வரும் அசைவுகள் இருந்தன. மருந்து எடுத்த 83 பேரில் 41 சதவீதம். நோயில்லாத அதே வயதினரில் 15 சதவீதம். அதாவது வாய் அசைவதெல்லாம் மருந்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. நோயே அதைக் கொண்டுவரக்கூடும், முதுமையும் கொண்டுவரக்கூடும். மருந்தே தொடாதவர்களின் எண்ணிக்கை சிறியது என்றாலும் இதை நான் மதிக்கிறேன்.

இந்த ஆய்வைக் காட்டி, ‘பார்த்தீர்களா, நோயின் கூறுதான்’ என்று கோப்பை மூடுவோரோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆய்வு சொல்லித்தருவது நேர் எதிரானது. மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே வாய், நாக்கு, கை, கால், நடை ஆகியவற்றைப் பார்த்து எழுதிவைக்காவிட்டால், பிறகு வரும் அசைவுக்கு நோய் காரணமா மருந்து காரணமா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. முதல் நாள் பரிசோதனை இல்லாதபோது ஜி 24.0 என்று எழுதுவதும் ஊகம், எழுதாமல் விடுவதும் ஊகம். மெக்ரீடியும் நம் சென்னை மருத்துவர்களும் அந்த நூற்றுக்கணக்கான பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அசைவு அளவுகோல்களைக் கொண்டு பார்த்ததால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிந்தது. ஆய்வுக்காகச் செய்ய முடிந்ததை ஓ.பி.யில் ஏன் செய்யக்கூடாது?

நேரம் இல்லை என்பார்கள். உண்மை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்ற கணக்குதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. கிளினிக் நாளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஆனால் 1976இலிருந்து புழக்கத்தில் இருக்கும் எய்ம்ஸ் என்ற அசைவு அளவுகோலுக்கு மனநல மருத்துவர் தேவையில்லை. வாயில் மிட்டாயோ வெற்றிலையோ இருக்கிறதா என்று கேட்டு எடுக்கச் சொல்வது, கெட்டியான நாற்காலியில் உட்காரவைப்பது, நாக்கை நீட்டச் சொல்வது, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொல்வது, நடந்து திரும்பச் சொல்வது. பத்து நிமிடத்துக்குள் முடியும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநலச் செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று பதவிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற செவிலியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதலாம். பக்கத்தில் மருந்தின் பெயரும் தொடங்கிய தேதியும். இரத்த அழுத்தம் பார்க்காமல் அதற்கான மாத்திரையை நீட்டிக்கும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. மனநோயாளிக்கு மட்டும் ஏன் பார்க்காமலே மாத்திரை எழுதலாம் என்று ஆயிற்று? அவர் சொல்வதை நம்பவேண்டியதில்லை என்ற பழைய எண்ணம்தான் இதற்கு வேர் என்று நினைக்கிறேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று மருத்துவ நண்பர்கள் வருந்துவார்கள். என்றாலும் அதைத் திரும்பப்பெற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி எழுதுகிறார்கள்? அங்கேயும் பல பத்தாண்டுகள் இது புறக்கணிக்கப்பட்டுத்தான் கிடந்தது. 2017இல் வால்பெனசினும் டியூட்டெட்ராபெனசினும் இந்த நோய்க்கான மருந்துகளாக அங்கே அனுமதி பெற்றன. விலை மிக அதிகம். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால் ஜி 24.01 எழுதியிருக்க வேண்டும். வாயசைவைப் பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் பணமும் வந்து நின்றது. நம் பிள்ளைகள் பதியும் அந்த எண்ணின் துல்லியம் அந்தப் பணத்தோடு சேர்ந்தது. அந்தப் பணம் இல்லாத கடலூரில் பட்டியலை மட்டும் இறக்குமதி செய்தால் கண் கூடவே வந்துவிடாது. சர்ப்பகந்தி வேரால் மனநோயாளிகள் அமைதியடைவதை 1931இலேயே எழுதிய கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் வாழ்ந்த நாடு இது. அந்த வேரிலிருந்து பின்னாளில் பிரித்த ரெசர்பின் மனிதர்களை விறைக்கவைத்ததையும் உலகம் பார்த்தது. மருந்து அமைதியும் தரும், விறைப்பும் தரும் என்ற அறிவு நமக்குப் புதியதல்ல. எழுதிவைக்கும் வழக்கம்தான் வரவில்லை.

கடைசியாக ஒரு தற்காப்பு, தனியறையில் மட்டும் சொல்லப்படுவது. ‘இதையெல்லாம் நோட்டில் எழுதினால், வாய் கோணும் என்று வாயால் சொன்னால், மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்.’ திடீரென்று நிறுத்துவதன் ஆபத்து எனக்கும் தெரியும். நோய் திரும்பும், அடங்கியிருந்த அசைவும் வெடித்துக் கிளம்பும். ஆனால் இப்போதே அவர்கள் நிறுத்திக்கொண்டுதானே இருக்கிறார்கள்? உள்ளுக்குள் பரபரப்பது தாங்காமல், யாரிடமும் சொல்லாமல், மாத்திரையைக் கொல்லைப்புறத்தில் எறிந்துவிட்டு, கேட்டால் போட்டேன் என்று சொல்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் போன்ற ஏற்கப்பட்ட அளவுகளின்படியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது. அந்த உரிமையோடு ஒருவர் வந்து தன் நோட்டைக் கேட்டால், பத்தாண்டுப் பக்கங்களில் அவர் கையில் கிடைக்கப்போவது எஃப் 20, ஈ.பி.எஸ். பிளஸ், டி.எச்.பி. 2 மி.கி. அவருடைய நாக்கைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது.